பெண் பிறப்புறுப்பு அறுவையில் உணர்வு காத்தல்

பெண் பிறப்புறுப்பு அறுவையில் உணர்வு காத்தல் என்பது, பெண்ணின் புறப் பிறப்புறுப்புகளிலும் அவற்றை அடுத்துள்ள இடுப்பறை உறுப்புகளிலும் அறுவை மருத்துவம் செய்யும்போது, அப்பகுதியின் தொடுவுணர்வையும் பாலுணர்வையும் கடத்தும் நரம்புகளைச் சேதமின்றிப் பேணும் முறைகளைக் குறிக்கும். இது நரம்பு காக்கும் அறுவை எனவும் அழைக்கப்படுகிறது. புற்றுநோய், மகப்பேற்றுக் காயம், பிறவியில் அமைந்த உறுப்பு வேறுபாடு, உறுப்புச் சிதைப்புக்குப் பிந்திய சீரமைப்பு, திருநங்கையரின் பால் உறுதிப்பாட்டு அறுவை எனப் பல சூழல்களில் இதன் தேவை எழுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்வறுவைகளின் வெற்றி, உறுப்பின் தோற்றம், சிறுநீர் கழியும் வழி, மாதவிடாய், மகப்பேறு ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. உணர்வு தனியோர் அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை. நரம்புகளின் பாதை விளக்கமாக அறியப்பட்ட பின்னர் அறுவை நுட்பங்கள் மாறின. எந்த நுட்பமும் உணர்வை முழுமையாகக் காக்கும் என உறுதி கூற இயலாது என்பதும் அதே காலத்தில் தெளிவாயிற்று. ஆகவே, அறுவையை எவ்வாறு செய்வது என்னும் கேள்வியோடு, தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்க இயலாத குழந்தைக்கு அதனைச் செய்யலாமா என்னும் கேள்வியும் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடையளித்தது. அதைத் தொடர்ந்து, இத்தகைய அறுவையைத் தடை செய்த முதல் இந்திய மாநிலமாகத் தமிழ்நாடு ஆயிற்று. புதுச்சேரி அந்நீதிமன்றத்தின் ஆள்வரைக்குள் இருந்தாலும் தமிழ்நாட்டு அரசாணைக்கு வெளியே உள்ளது.

உடற்கூறு

கிளிட்டோரிஸ் எனப்படும் பெண்குறிக் காம்பே பெண்ணின் பாலுணர்வுக்கு முதன்மையான உறுப்பாகும். வெளியே தெரிவது அதன் முனை மட்டுமே. முனைக்குப் பின்னால் தண்டுப் பகுதி உள்ளது. அது உள்ளே இரண்டு கால்களாகப் பிரிந்து இடுப்பெலும்பின் கீழ் விளிம்போடு ஒட்டிச் செல்கிறது. ஒவ்வொரு காலும் 5 முதல் 9 செ.மீ. வரை நீளமுடையது. யோனி வாயிலின் இருபுறமும் உள்ள குமிழ் வடிவ விறைப்புத் திசுக்களும் இவ்வமைப்போடு சேர்ந்தவை.

புடெண்டல் நரம்பு

இப்பகுதியின் உணர்வைக் கடத்துவது பெரும்பாலும் புடெண்டல் நரம்பாகும். இது திருவெலும்புப் பகுதியின் 2, 3, 4ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து தோன்றி, இடுப்பெலும்பின் உட்புறத்தில் முள்போல் நீண்டுள்ள முனையைச் சுற்றி வருகிறது. பின்னர் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை குதப் பகுதிக்குச் செல்கிறது. மற்றொன்று யோனிக்கும் குதத்திற்கும் இடைப்பட்ட பகுதிக்கும் இதழ்களுக்கும் செல்கிறது. மூன்றாவது கிளையே பெண்குறிக் காம்பின் மேற்புற நரம்பு ஆகும். இதழ்களின் முன்பகுதிக்கும் அடிவயிற்றின் கீழ்மேட்டுக்கும் இடுப்பு மடிப்பு வழியாக வரும் வேறு சிறு நரம்புகளும் உணர்வளிக்கின்றன.

மேற்புற நரம்பு வலம், இடம் என இரண்டாக உள்ளது. இதன் தடிமன் ஏறத்தாழ 2 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மிகுதியாகும். எனவே இது வெறுங்கண்ணால் காணக்கூடிய நரம்பே. தண்டின் குறுக்குவெட்டை ஒரு கடிகார முகமாகக் கொண்டால், முதன்மை நரம்புத் தண்டுகள் 11 மணி, 1 மணி நிலைகளில் அமைந்துள்ளன. நேர் மேலே 12 மணி நிலையில் நரம்பு காணப்படுவதில்லை. ஆனால் கிளைகள் இருபக்கமும் விசிறிபோல் விரிந்து கீழ்ப்புறம் நோக்கிச் செல்கின்றன. ஆகையால் மேலே மட்டும் ஓர் இழையைக் காத்துவிட்டுப் பக்கங்களை வெட்டினால் உணர்வின் ஒரு பகுதி இழக்கப்படும். அமெரிக்க அறுவை மருத்துவர் லாரன்சு பாஸ்கினும் உடனாய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இவ்வமைப்பைத் தெளிவாக்கியது.

இந்நரம்பில் 8,000 இழைகள் உள்ளன என்னும் எண் நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்டு வந்தது. அது கால்நடைகளின் மீது நடத்தப்பட்ட ஆய்விலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிளேர் பீட்டர்ஸ் குழுவினர், திருநம்பியர் எழுவர் அறுவையின்போது அளித்த நரம்புத் துணுக்குகளை ஆராய்ந்து, சராசரியாக 10,281 இழைகள் உள்ளதாக 2022இல் அறிவித்தனர்.

தன்னியக்க நரம்புகள்

இடுப்பறையின் ஆழத்தில், கருப்பைக் கழுத்துக்கும் யோனியின் மேற்பகுதிக்கும் இருமருங்கிலும், வலைபோல் பின்னிய தன்னியக்க நரம்புகள் உள்ளன. குருதிப் பாய்ச்சல், யோனியின் ஈரப்பதம், சிறுநீர்ப்பையின் இயக்கம் ஆகியவற்றை இவை நெறிப்படுத்துகின்றன. புற உறுப்பில் கத்தி படாத அறுவையிலும் இவ்வலை சேதமுறின் சிறுநீர் கழித்தலும் பாலுறவும் பாதிக்கப்படும்.

நரம்பு பழுதுறும் வகைகள்

அறுவையின்போது நரம்பு வெட்டுப்படுதல் மட்டுமே கேடன்று. இழுபடுதல், தையல் நூலில் சிக்கி நெரிதல், குருதிப் போக்கை நிறுத்தும் மின்சூட்டுக் கருவியின் வெப்பம், நரம்புக்கு உணவளிக்கும் குருதிக் குழாய் அடைபடுதல், பின்னாளில் தழும்பு இறுகுதல் ஆகியவையும் நரம்பைப் பழுதாக்கும்.

பிரித்தானிய மருத்துவர் எர்பர்ட்டு செடான் 1943இல் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகையில் நரம்பின் கடத்தல் மட்டும் தற்காலிகமாக நின்று, சில கிழமைகளில் மீள்கிறது. இரண்டாம் வகையில் உள்ளிழை அறுபடுகிறது, உறை தப்புகிறது. அவ்வாறாயின் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம் மீண்டும் வளரக்கூடும். மூன்றாம் வகையில் உறையோடு முழு நரம்பும் துண்டாகிறது. அது தானாக இணைவதில்லை. துண்டான முனை சில வேளைகளில் முடிச்சாகத் திரண்டு, தொட்டாலே கடும் வலி தரும் நரம்புக் கட்டியாகிறது. ஆகவே நரம்புச் சேதத்தின் விளைவு மரத்துப்போதல் மட்டுமன்று. தீராத வலியாகவும் அது அமையலாம்.

வரலாறு

இத்தாலிய உடற்கூற்றாளர் ரியால்தோ கொலம்போ 1559இலும், கபிரியேலே பலோப்பியோ 1561இலும் வெளியான நூல்களில் பெண்குறிக் காம்பைத் தாமே கண்டறிந்ததாக எழுதினர். செருமானியரான கியார்கு லுட்விக் கோபெல்ட் 1844இல் அதன் உட்பகுதிகளையும் நரம்புகளையும் விரிவாக வரைந்து காட்டினார். எனினும் இவ்வறிவு அறுவைக் கூடத்தை எட்டவில்லை. இலண்டன் மருத்துவர் ஐசக் பேக்கர் பிரவுன், வலிப்பு, மனநோய் ஆகியவற்றுக்குத் தீர்வென்று கூறிப் பெண்குறிக் காம்பை வெட்டியகற்றி வந்தார். நோயாளிகளின் அறிவும் ஒப்புதலும் இன்றி அறுவை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1867இல் இலண்டன் மகப்பேற்று மருத்துவர் கழகத்திலிருந்து அவர் நீக்கப்பட்டார்.

1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஆப்கின்ஸ் மருத்துவமனையில், உறுப்பமைப்பு வேறுபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு மிக இளம் பருவத்திலேயே அறுவை செய்து, ஆண் அல்லது பெண் என ஒரு தோற்றத்திற்குக் கொண்டுவரும் கொள்கை உருப்பெற்றது. அதுவே பிற நாடுகளிலும் பரவியது. அளவில் பெரிதாக இருந்த பெண்குறிக் காம்பை அடியோடு அகற்றுவதே அன்றைய வழக்கம். பின்னர் நுட்பங்கள் படிப்படியாக மாறின.

• 1961: ஜான் லாட்டிமர் உறுப்பை வெட்டாமல் உள்ளிழுத்துப் பதிக்கும் முறையை வெளியிட்டார். முனை காக்கப்பட்டது. ஆனால் விறைப்புத் திசு உள்ளே அடைபட்டதால் பலருக்கு வலி உண்டாயிற்று.
• 1973: ஸ்பென்ஸ், ஆலன் ஆகியோர் தண்டை நீக்கி முனையை மட்டும் நிலைநிறுத்தும் முறையை விளக்கினர்.
• 1981: பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் பியேர் மொல்லார், மேற்புற நரம்பையும் குருதிக் குழாய்களையும் ஒரு கற்றையாகப் பிரித்துக் காக்கும் முறையை வெளியிட்டார்.
• 1983: கோகன் குழுவினர், நரம்புக்கு அடியிலுள்ள வெண்ணிற உறையைத் திறந்து, உள்ளிருக்கும் விறைப்புத் திசுவை மட்டும் நீக்கினர். நரம்பு உறையோடு சேர்ந்து அப்படியே விடப்பட்டது.

இம்மருத்துவர்கள் பெரும்பாலும் ஆணுறுப்பு அறுவையில் பெற்ற அறிவைக் கொண்டே செயற்பட்டனர். பெண் உறுப்பின் உடற்கூறு தனியாக ஆராயப்பட்டது பிற்காலத்திலேயே ஆகும். ஆஸ்திரேலிய மருத்துவர் எலன் ஓ'கானல் 1998இல் வெளியிட்ட ஆய்வு, பாடநூல்களில் இருந்த படங்கள் குறைபாடுடையவை எனக் காட்டியது. காந்த அதிர்வுப் படங்களைக் கொண்டு அவர் செய்த பிந்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது.

அறுவைச் சூழல்கள்

பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி

பெண் குரோமோசோம்களுடன் பிறக்கும் குழந்தையின் அட்ரினல் சுரப்பி, ஒரு நொதியத்தின் குறையால் ஆண்மை இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கும் நிலை இதுவாகும். பிறக்கும்போதே பெண்குறிக் காம்பு பெரிதாகவும், யோனி வாயில் ஒடுங்கியும் காணப்படலாம். பெற்றோர் இருவரும் குறையுள்ள மரபணுவைத் தாங்கியிருந்தால் மட்டுமே குழந்தைக்கு இந்நோய் வரும். எனவே மாமன் மகள், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவுமுறைத் திருமணங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. உலக அளவில் ஏறத்தாழ 15,000 பிறப்புகளுக்கு ஒன்று என மதிப்பிடப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. அதன்படி ஏறத்தாழ 5,800 பிறப்புகளுக்கு ஒன்றில் இந்நோய் இருந்தது. சென்னையில் இது ஏறத்தாழ 2,000க்கு ஒன்றாக இருந்தது.

இந்நோயின் கடும் வகையில், பிறந்த சில வாரங்களுக்குள் உடலின் உப்பு வெளியேறி உயிருக்கே கேடு நேரலாம். அதனைத் தடுப்பது ஐதரோகார்ட்டிசோன் முதலிய மருந்துகளே. அவற்றை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். பெண்குறிக் காம்பைச் சிறிதாக்கும் அறுவை உயிரைக் காப்பதில்லை. உறுப்பின் தோற்றத்தையே மாற்றுகிறது. சிறுநீர் தேங்கித் தொற்று உண்டாகும் நிலையில் செய்யப்படும் சிறுநீர் வழித் திருத்தம் இதனின்றும் வேறானது. மருத்துவமனையில் கலங்கி நிற்கும் பெற்றோருக்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் இன்றியமையாதது.

மகப்பேறு

இப்பகுதியில் மிகப் பரவலாகச் செய்யப்படும் அறுவை, பேற்றின்போது யோனி வாயிலைச் சற்று வெட்டி விரிவாக்குவதாகும். மக்கள் இதனைத் தையல் போடுதல் என்றே குறிப்பிடுவர். எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக இதைச் செய்வதை உலக நலவாழ்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டல் பரிந்துரைக்கவில்லை. தேவைப்படும்போது நடுக்கோட்டிலிருந்து விலகிச் சாய்வாக வெட்டுவதால் குதத் தசை கிழியும் இடர் குறைகிறது. ஆயுதப் பேற்றின்போது புடெண்டல் நரம்பில் மரப்பு ஊசி இடப்படுவதுண்டு. இருபுறமும் இடப்படும் இவ்வூசியால் அப்பகுதியின் பெரும்பகுதி வலியற்றுப் போவது, இந்நரம்பின் பரப்பை உணர்த்தும் எளிய சான்றாகும்.

புற்றுநோய்

புறப் பிறப்புறுப்பில் தோன்றும் புற்றுநோய்க்கு, உறுப்பு முழுவதையும் இருபுறத் தொடை இடுக்குக் கழலைகளோடு ஒரே துண்டாக அகற்றுவது முன்னர் வழக்கமாக இருந்தது. தற்காலத்தில், தொடக்க நிலையிலுள்ள கட்டியை அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவின் விளிம்போடு மட்டும் நீக்குகின்றனர். கட்டி போதிய தொலைவில் இருந்தால் பெண்குறிக் காம்பு காக்கப்படுகிறது. கட்டியின் விளிம்பு முழுமையாக அகல வேண்டும் என்பதே முதல் விதி. உணர்வு காத்தல் அதற்கு அடுத்த இடத்தையே பெறும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான விரிவான கருப்பை அகற்றலில் தன்னியக்க நரம்புகள் இடரில் உள்ளன. வியன்னாவின் எர்ன்சுட்டு வெர்தைம் 1898இல் தொடங்கிய இவ்வறுவை உயிர்களைக் காத்தது. ஆயினும் பல பெண்கள் சிறுநீர் கழிக்க இயலாமல் அவதியுற்றனர். ஜப்பானிய மருத்துவர்கள், குறிப்பாக 1960களில் கோபயாசி, நரம்புகளைக் குருதிக் குழாய்களினின்றும் பிரித்துக் காக்கும் நுட்பத்தை வளர்த்தனர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. ஆதலால் இந்நுட்பம் இந்நாட்டுக்கு நேரடித் தொடர்புடையது.

உறுப்புச் சிதைப்புக்குப் பிந்திய சீரமைப்பு

சமயம் அல்லது வழக்கம் சார்ந்து சிறுமியரின் உறுப்பை வெட்டும் வழக்கத்திற்கு உலகில் 23 கோடிக்கும் மேற்பட்டோர் ஆளாகியுள்ளனர் என யுனிசெஃப் 2024இல் மதிப்பிட்டது. இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தில் உள்ள இத்தகைய வழக்கத்திற்கு எதிரான மனுவை உச்ச நீதிமன்றம் 2018இல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

வெட்டப்படுவது பெரும்பாலும் வெளியே தெரியும் முனையே ஆகையால், தண்டின் உட்பகுதியும் நரம்பும் தழும்புக்கு அடியில் எஞ்சியிருக்கும். பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் பியேர் ஃபோல்தே தழும்பை நீக்கி, எஞ்சிய பகுதியை வெளிக்கொணரும் முறையை உருவாக்கினார். 2,938 பெண்களுக்குச் செய்த அறுவைகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 2012இல் லான்செட் ஆய்விதழில் வந்தது. ஓராண்டுக்குப் பின் ஆய்வுக்கு வந்த 866 பேரில் பெரும்பாலோர் வலி குறைந்ததாகவோ கூடவில்லை என்றோ கூறினர். எஞ்சியோர் மறு ஆய்வுக்கு வராமையால் இம்முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது எனப் பிற மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர்.

திருநங்கையரின் அறுவை

திருநங்கையரின் பால் உறுதிப்பாட்டு அறுவையில், ஆண்குறி முனையின் ஒரு பகுதி அதன் மேற்புற நரம்பு, குருதிக் குழாய்களோடு பிரிக்கப்பட்டுப் பெண்குறிக் காம்பாக அமைக்கப்படுகிறது. கருவில் இரண்டும் ஒரே மூல உறுப்பிலிருந்து தோன்றுபவை என்பதால் இது இயலுகிறது. தாயம்மா எனப்படுவோர் மரபாகச் செய்துவந்த நிர்வாணம் என்னும் முறையில் உறுப்பு முழுவதும் வெட்டி எறியப்பட்டது. குருதிப் போக்காலும் தொற்றாலும் உயிரிழப்பு நேர்ந்ததுடன், பிழைத்தவருக்கும் பின்னாளில் உணர்வுள்ள உறுப்பை அமைக்கத் திசு எஞ்சவில்லை. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி இவ்வறுவை கிடைக்கச் செய்தமை, பாதுகாப்பை மட்டுமன்றி உணர்வையும் சார்ந்த மாற்றமாகும்.

அழகு நோக்கிய அறுவை

சிற்றிதழ்களைச் சிறிதாக்குதல், பெண்குறிக் காம்பின் மேல்தோலைக் குறைத்தல் முதலியன அழகு நிலையங்கள் போன்ற மருத்துவ மனைகளில் விளம்பரப்படுத்தப்படுகின்றன. இவற்றுக்கு மருத்துவத் தேவை இல்லை என்றும், உணர்வு மாற்றம், வலி, தழும்பு ஆகிய இடர்கள் உண்டு என்றும் அமெரிக்க மகப்பேற்று, பெண்நோய் மருத்துவர் கல்லூரி 2007இல் அறிவுறுத்தியது. இதழ்களின் அளவும் வடிவமும் இயல்பாகவே ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபடும்.

விளைவுகளை அளத்தல்

அறுவைக்குப் பின் உணர்வு எஞ்சியுள்ளதா என்பதை வயது வந்தோரிடம் மட்டுமே முறையாக அறிய முடியும். வெவ்வேறு தடிப்புள்ள நுண்ணிழைகளால் தொடுதல், சூடு-குளிர் வேறுபாட்டை உணரும் எல்லையைக் காணுதல், அதிர்வுணர்வை அளத்தல் ஆகியவை வழக்கமான முறைகள். இவற்றுடன் அவரவர் பட்டறிவைக் கேட்டறியும் வினாத்தாள்களும் பயன்படுகின்றன.

இலண்டனில் காத்தரின் மிண்டோ குழுவினர் நடத்திய ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஊடுபால் நிலையுடன் பிறந்து பெண்களாக வாழ்வோரிடம் அது நடத்தப்பட்டது. பாலுறவு வாழ்வு உடையோரில், பெண்குறிக் காம்பில் அறுவை செய்யப்பட்ட 18 பேரில் 39 விழுக்காட்டினர் உச்ச உணர்வை அடைய இயலாதவராக இருந்தனர். அறுவை செய்யப்படாத 10 பேரில் ஒருவருக்கும் அக்குறை இல்லை. அதே நகரில் நெய்மி கிரவுச் குழுவினர் பின்னர் செய்த ஆய்வுகள், அறுவை செய்யப்பட்ட இடத்தில் தொடுவுணர்வும் சூடுணர்வும் குறைந்திருந்ததைக் காட்டின. இவர்களுட் பலர் பழைய முறைகளில் அறுவை பெற்றவர்கள். புதிய நரம்பு காக்கும் முறைகளின் விளைவு, இன்றைய குழந்தைகள் வளர்ந்து பெரியோரான பின்னரே தெரியவரும். இக்காலத் தாழ்ச்சியே இத்துறையின் பெருஞ்சிக்கலாகும்.

சிகாகோவில் 2005இல் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழுவின் அறிக்கை 2006இல் வெளியானது. தோற்றத்தைவிடச் செயற்பாட்டுக்கே முதன்மை தரவேண்டும் என அது கூறியது. பெண்குறிக் காம்பு அறுவை கடும் நிலைகளில் மட்டுமே கருதப்பட வேண்டும் எனவும் அது பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில்

2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். வழக்கு, தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றியது. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பு கூறியது. அதே தீர்ப்பில், ஊடுபால் நிலையுடன் பிறக்கும் குழந்தைகளின் உறுப்பை அறுவையால் மாற்றும் வழக்கத்தையும் நீதிமன்றம் ஆராய்ந்தது. தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் தந்த தீர்ப்பு, தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையை ஏற்றிருந்தது. பெற்றோரின் ஒப்புதல் குழந்தையின் ஒப்புதலாகாது என்னும் அடிப்படையில், அத்தகைய அறுவைகளைத் தடை செய்து ஆணையிடுமாறு தமிழ்நாடு அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. மதுரையைச் சேர்ந்த ஊடுபால் உரிமைச் செயற்பாட்டாளர் கோபி சங்கரின் எழுத்துகளும் தீர்ப்பில் கருத்தில் கொள்ளப்பட்டன.

இதனைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை 2019 ஆகத்து 13 அன்று 355 எண்ணுடைய அரசாணையை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, ஊடுபால் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை செய்தல் தடை செய்யப்பட்டது. ஆபத்து நிலை உண்டா என்பதைக் குழந்தை அறுவை அல்லது சிறுநீரியல் மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், சமூகப் பணியாளர் அல்லது உளவியலாளர் அல்லது ஊடுபால் செயற்பாட்டாளர், அரசு அலுவலர் ஆகியோர் அடங்கிய குழுவின் பரிந்துரைப்படி முடிவு செய்ய வேண்டும். உலகில் இத்தகைய தடையை முதலில் சட்டமாக்கிய நாடு மால்ட்டா (2015) ஆகும்.

புதுச்சேரியில்

புதுச்சேரியில் மேனாட்டு மருத்துவக் கல்வி பிரெஞ்சு ஆட்சியின்போது 1823இல் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளியுடன் தொடங்கியது. 1954இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தபின், 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. அது 1964 சூலை 13 அன்று சவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக ஜிப்மர், எனப் பெயர் பெற்றது. 2008இல் இயற்றப்பட்ட நாடாளுமன்றச் சட்டத்தின்படி இது தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாகும். கோரிமேட்டில் அமைந்துள்ள இம்மருத்துவமனைக்குப் புதுச்சேரி மக்கள் மட்டுமன்றி, சுற்றியுள்ள விழுப்புரம், கடலூர் மாவட்டத்தினரும் பெருமளவில் வருகின்றனர். எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிருக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை உள்ளது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆள்வரை புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுமைக்கும் உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உத்தரவு தமிழ்நாடு அரசுக்கே இடப்பட்டது. அதன் வழிவந்த அரசாணை அம்மாநிலத்தின் எல்லையோடு நிற்கிறது. ஜிப்மர் நடுவண் அரசின் கீழ் இயங்கும் நிறுவனம் என்பதால் மாநில அரசாணைகள் அதனை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. புதுச்சேரி நகரைச் சுற்றி இரு ஆட்சிப் பகுதிகளின் ஊர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரே பேருந்துத் தடத்தில் எல்லையைப் பலமுறை கடக்க நேரும் இவ்விடத்தில், ஒரு குழந்தைக்கு உள்ள சட்டக் காப்பு அது எவ்வூரில் மருத்துவம் பெறுகிறது என்பதைப் பொறுத்து மாறக்கூடியதாகிறது.

நாடு முழுமைக்கும் பொருந்தும் நெறிமுறை வேண்டி கோபி சங்கர் தொடுத்த பொதுநல மனுவின் மீது, உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் நடுவண் அரசுக்கு அறிவிக்கை அனுப்பியது.

மாற்றுக் கருத்துகள்

குழந்தைப் பருவத்திலேயே அறுவை செய்வதை ஆதரிக்கும் மருத்துவர்கள், திசு அப்போது எளிதில் ஆறும் என்றும், வளர்ந்தபின் நேரக்கூடிய ஏளனத்திலிருந்தும் மனத்துயரிலிருந்தும் குழந்தை தப்பும் என்றும் கூறுகின்றனர். அட்ரினல் மிகைவளர்ச்சி உடைய பெண்களை ஊடுபால் வகையில் சேர்ப்பதே பொருந்தாது என்போரும் அவர்களுள் உளர். அறுவை பெற்ற பெண்களில் சிலர், தமக்கு இளமையில் செய்ததே நன்று என்று தெரிவித்துள்ளனர்.

எதிர்த்தரப்பினர், ஏளனத்திற்குத் தீர்வு கத்தியன்று, அறிவுரையும் துணையுமே என்பர். ஒத்திவைத்த அறுவையைப் பின்னர் செய்துகொள்ள முடியும். இழந்த நரம்பை மீட்க முடியாது என்பது அவர்களின் முதன்மை வாதம். சித்திரவதை பற்றிய ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் குவான் மெண்டெசு, ஒப்புதலற்ற இவ்வறுவைகளை அனுமதிக்கும் சட்டங்களை நீக்குமாறு 2013இல் வலியுறுத்தினார். வயது வந்தோரிடமும் ஒப்புதல் பற்றிய ஐயம் எழுந்ததுண்டு. வளரும் நாடுகளைச் சேர்ந்த நான்கு இளம் தடகள வீராங்கனையருக்குப் பிரான்சில் விந்தகங்கள் அகற்றப்பட்டதோடு, பெண்குறிக் காம்பின் ஒரு பகுதியும் நீக்கப்பட்டதாக 2013இல் ஒரு மருத்துவக் கட்டுரை தெரிவித்தது. விளையாட்டில் தொடர இயலுதலே அங்குப் பேசப்பட்ட பயனாக இருந்ததால் அது கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

ஒப்புதலும் நோயாளியின் உரிமையும்

நோயறிதலுக்காகத் தந்த ஒப்புதல், உறுப்பை அகற்றுவதற்கான ஒப்புதலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2008 சனவரியில் ஒரு கருப்பை அகற்றல் வழக்கில் தீர்ப்பளித்தது. உயிரைக் காக்கும் உடனடித் தேவை மட்டுமே விலக்காகும். இதன்படி, பிறப்புறுப்பு அறுவைக்கு ஒப்பமிடும் ஒருவர் பின்வருவனவற்றை மருத்துவரிடம் கேட்டறிய உரிமை உடையவர்.

• அறுவை உயிரையோ உறுப்பின் செயலையோ காப்பதற்கா, தோற்றத்தை மாற்றுவதற்கா?
• எந்த நரம்பு அறுவைப் பாதையில் உள்ளது? அது எவ்வாறு காக்கப்படும்?
• உணர்விழப்புக்கும் நீடித்த வலிக்கும் உள்ள வாய்ப்பு என்ன?
• அறுவையை ஒத்திவைத்தால் கேடு உண்டா?
• அறுவையின்றி வேறு வழி உள்ளதா?

பாலுணர்வு பற்றிப் பேசக் கூசும் வழக்கத்தால் மூன்றாவது கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. மருத்துவரும் அதைத் தாமாகச் சொல்வது அரிது. அறுவைக்குப் பின் மரப்பு, எரிச்சல், தொட்டால் வலி, சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். நரம்பை நெரிக்கும் தையல், திரண்ட குருதிக் கட்டி போன்றவை உடனே கண்டறியப்பட்டால் சரிசெய்யத்தக்கவை.

இவற்றையும் பார்க்க

• ஊடுபால்
• புடெண்டல் நரம்பு
• பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி
• சென்னை உயர் நீதிமன்றம்
• ஜிப்மர்